வட்டமும் உருண்டையும்
வானிலிருந்து எடுத்த படங்களும் ஜம்பூத்வீபமும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மகாவீரர் அவதரித்த இந்நன்னாளில் ஜினாலயங்கள்தோறும் ஜன்மாபிஷேகம் நடைபெறுகிறது. பிறந்த குழந்தையைச் சௌதர்மேந்திரன் மேரு மலைக்கு எடுத்துச் சென்று, பாண்டுக சிலையின்மேல் அமர்த்தி, பாற்கடல் நீரால் திருமஞ்சனம் செய்வித்த வரலாறு அப்போது நினைவுகூரப்பெறுகிறது. பாட்டியின் அருகில் அமர்ந்து அதனைக் கேட்கும் பள்ளிச் சிறுவன், “பாட்டி, அந்த மேரு மலை எங்கே இருக்கிறது? விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் தெரியவில்லையே!” என்று கேட்கிறான்.

இவ்வினா இன்று பல இல்லங்களில் எழுகிறது. பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. “நூலில் உள்ளவை எல்லாம் கட்டுக்கதை” என்பது ஒன்று. “படங்கள் எல்லாம் போலி” என்பது மற்றொன்று. முதல் விடையைக் கேட்ட சிறுவன் அறநூல்களைக் கைவிடுகிறான். இரண்டாம் விடையைக் கேட்டவனோ, சமயத்தைக் காப்பதற்குத் தெரிந்த உண்மையையும் மறைக்கலாம் என்று கற்றுக்கொள்கிறான். ஐந்து விரதங்களுள் ஒன்றாக வாய்மையை வைத்த சமயத்திற்கு இரண்டாவது இழப்பும் சிறியதன்று. ஆகவே அப்படங்கள் உண்மையில் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை என்று ஆராய்வது கடமையாகிறது.

வாதத்தின் முறை

தமிழ்ச் சமணர்க்கு வாதம் புதிதன்று. நீலகேசி தன்னோடு வாதிட்டோரின் கொள்கையை முதலில் முழுமையாகச் சொல்லவிட்டுப் பின்னரே மறுக்கிறாள். அந்நூலை வாமன முனிவரின் சமய திவாகர உரையுடன் 1936ஆம் ஆண்டில் பதிப்பித்துத் தந்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். எதிர்த்தரப்பின் சொல்லைத் திரிக்காமல் எடுத்துரைப்பதே அவ்வாதமுறையின் முதற்படி. இங்கும் அம்முறையே பொருந்தும்.

முதலில் நூல்கள் சொல்வது. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் மூன்றாம் அதிகாரம் ஜம்பூத்வீபத்தை வட்டமானதென்றும், ஒரு லட்சம் யோசனை விட்டமுடையதென்றும், அதன் நடுவே மேரு நிற்கிறதென்றும் கூறுகிறது. அதனைச் சூழ உப்புக்கடல். அதனைச் சூழத் தாதகீ கண்டம். இவ்வாறு தீவும் கடலும் வளையம் வளையமாக விரிகின்றன. மனிதர் வாழ்வது இரண்டரைத் தீவுகளில் மட்டுமே. ஜம்பூத்வீபத்தின்மேல் ஞாயிறு இரண்டு, திங்கள் இரண்டு. இக்கருத்தை வராகமிகிரரும் பிரம்மகுப்தரும் தம் காலத்திலேயே மறுத்தெழுதினர். இவ்வழக்கு விண்கலங்களோடு பிறந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

அண்மைக் காலத்தில் ஆர்யிகா ஞானமதி மாதாஜியின் முயற்சியால் அஸ்தினாபுரத்தில் 101 அடி உயர மேருவுடன் ஜம்பூத்வீப அமைப்பு எழுந்தது. குஜராத்தின் பாலிதானாவிலும் அத்தகைய அமைப்பு உண்டு. அதனோடு தொடர்புடைய சுவேதாம்பர முனிவர் அபயசாகரர், பூமி உருண்டை என்னும் கருத்தையே மறுத்து எழுதியவர்.

படங்கள் வந்த வழி

வானில் உயர்ந்து நின்று நிலத்தைப் படம்பிடிக்கும் முயற்சி விண்கலங்களுக்கு முன்னரே தொடங்கியது. 1935 நவம்பர் 11 அன்று, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலிருந்து எக்ஸ்ப்ளோரர் 2 என்னும் ஹீலியம் பலூன், ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஆர்வில் ஆண்டர்சன் ஆகிய இருவருடன் 22,066 மீட்டர் உயரத்தை எட்டியது. அங்கிருந்து எடுத்த படத்தில் அடிவானம் மெல்ல வளைந்திருந்தது. 1946 அக்டோபர் 24 அன்று நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸிலிருந்து ஏவப்பட்ட வி-2 ராக்கெட் ஏறத்தாழ 105 கி.மீ. உயரம் சென்றது. கீழே விழுந்தபோது அதன் கேமரா நொறுங்கியது. எஃகுப் பெட்டியினுள் இருந்த படச்சுருள் மட்டும் தப்பியது. 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 வீரர்கள் சுமார் 29,000 கி.மீ. தொலைவிலிருந்து ஒளி நிறைந்த முழு வட்டமாகப் பூமியைப் படம்பிடித்தனர். 2013 நவம்பர் 19 அன்று மங்கள்யான், ஏறத்தாழ 68,000 கி.மீ. உயரத்திலிருந்து, இந்தியாவையும் வங்கக் கடலில் சுழன்ற ஹெலன் புயலையும் ஒருசேரப் படம்பிடித்து அனுப்பியது.

மூன்று மறுப்புகள்

இப்படங்களை ஏற்காதோர் கூறும் மறுப்புகளுள் மூன்று ஆராயத்தக்கவை.

வளைவு கேமராவின் வில்லையால் உண்டாவது என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. அகன்ற காட்சியைப் பிடிக்கும் வில்லை நேர்கோட்டையும் வளைத்துக் காட்டும். அடிவானம் படத்தின் நடுவுக்கு மேலே அமைந்தால் புடைத்தும், கீழே அமைந்தால் குழிந்தும் தோன்றும். பலூனில் கட்டி அனுப்பிய சிறு கேமரா ஆடும்போது, அதே நிலம் ஒரு கணம் பந்துபோலவும் மறுகணம் கிண்ணம்போலவும் தெரிவது இதனாலேயே. நடுவில் அமைந்த அடிவானத்தை மட்டுமே நம்பலாம். 2008ஆம் ஆண்டில் டேவிட் லிஞ்ச் என்னும் ஆய்வாளர் இதனைக் கணக்கிட்டு, மேகமற்ற அடிவானமும் அகன்ற காட்சியும் இருந்தாலும் ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில்தான் வளைவு கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும் என்று காட்டினார். விமானச் சாளரத்தில் எட்டிப் பார்த்து “வளைவைக் கண்டேன்” என்பவரும், “வளைவைக் காணோம், ஆகவே தட்டை” என்பவரும் ஒருங்கே அவசரப்படுகின்றனர்.

படங்கள் ஒட்டிச் சேர்க்கப்பட்டவை என்பது இரண்டாம் மறுப்பு. நாசா 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற நீலக்கோளப் படம், டெர்ரா செயற்கைக்கோள் துண்டு துண்டாகப் பதிவு செய்தவற்றை இணைத்து ஆக்கப்பட்டதே. அதனை ஆக்கியோர் மறைக்கவும் இல்லை. ஆனால் 1972ஆம் ஆண்டின் படம் படச்சுருளில் ஒரே சொடுக்கில் பதிந்தது. ஒரு படம் இணைக்கப்பட்டது என்பதால் எல்லாப் படங்களும் போலியாகிவிடா.

மூன்றாம் மறுப்பே கூர்மையானது. “முழு வட்டம்தானே தெரிகிறது? ஜம்பூத்வீபமும் வட்டமென்றுதானே நூல் கூறுகிறது? தாம்பாளத்தை மேலிருந்து பார்த்தாலும் வட்டமாகத்தானே தோன்றும்?” என்பது அது. இவ்வினாவிற்குத் தனியொரு படத்தின் வட்டமான விளிம்பு விடை தராது. வட்டம் வேறு, உருண்டை வேறு.

தாம்பாளமும் எலுமிச்சையும்

விடை பல படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கிறது. தாம்பாளத்தை மேலிருந்து பார்த்தால் வட்டம். சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கோடு. எலுமிச்சம்பழமோ எப்பக்கம் பார்த்தாலும் வட்டமே. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும்போது செய்திகளில் காட்டப்படும் மேகப் படங்கள், ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் இந்தியாவின் வானிலைச் செயற்கைக்கோள்கள் அனுப்புபவை. அதே உயரத்தில் ஜப்பானின் ஹிமவாரி மேற்குப் பசிபிக்கின்மேல் நிற்கிறது. ஐரோப்பாவின் மீட்டியோசாட் ஆப்பிரிக்காவின்மேல் நிற்கிறது. அமெரிக்காவின் கோஸ் அமெரிக்கக் கண்டங்களின்மேல் நிற்கிறது. நாட்டுக்கு நாடு வேறுபட்டோர் இவற்றை இயக்குகின்றனர். ஒவ்வொன்றுக்கும் முழு வட்டமே தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் தெரியும் நாடுகள் வேறு. எதுவும் பூமியின் மேற்பரப்பில் பாதியைக்கூட ஒருசேரக் காண்பதில்லை. இந்தியாவின்மேல் நிற்கும் கலத்தின் கண்ணுக்கு அமெரிக்கா ஒருநாளும் புலப்படாது. தாம்பாளமாயின் அதன் முகத்திலுள்ள எல்லா நிலமும் அவ்வுயரத்திலிருந்து புலப்பட வேண்டும். ஓரமாக நிற்கும் கலத்துக்கேனும் அது நீள்வட்டமாகத் தெரிய வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

இன்னொரு சான்று அடிவானத்தின் தாழ்வு. தட்டையான அகன்ற நிலமாயின், எவ்வளவு உயர்ந்தாலும் அடிவானம் ஏறக்குறையக் கண்மட்டத்திலேயே நிற்கும். உண்மையிலோ 10 கி.மீ. உயரத்தில் அது மட்டத்திற்குக் கீழே 3 பாகை தாழ்கிறது, 100 கி.மீ. உயரத்தில் 10 பாகை. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் ஏறத்தாழ 20 பாகை. கொத்தனார் நீர்மட்டம் பார்க்கும் குழாயை விமானச் சாளரத்தருகே பிடித்தாலே இத்தாழ்வைக் காணலாம். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா மலையில் நின்று இத்தாழ்வை அளந்தே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அன்று கேமரா இல்லை.

ஆகவே முடிவு இது. வளைந்த கோடு ஒன்றைக் காட்டி உருண்டை என்று வாதிடுவது நிறைவற்ற வாதம். பல உயரங்களிலும் பல திசைகளிலும் எடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தால், மக்கள் வாழும் இந்நிலம் உருண்டையே. இதனை மறுக்க நேர்மையான வழி இல்லை.

நூலின் இடம்

“இன்று அறியப்பட்ட நாடுகள் அனைத்தும் பரத க்ஷேத்திரத்து ஆரிய கண்டத்தின் சிறு பகுதியே, ஜம்பூத்வீபம் அதனினும் மிகப் பெரிது” என்று சான்றோர் சிலர் விடை கூறுவர். அவர்தம் பக்தி போற்றத்தக்கது. எனினும் பகுதி என்றால், மீதியோடு இணையும் விளிம்பு எங்கேனும் இருத்தல் வேண்டும். படங்களில் காணும் உருண்டைக்கு அத்தகைய விளிம்பு இல்லை.

திகம்பர மரபு இவ்விடத்தில் அஞ்ச வேண்டியதில்லை. பகவானின் திவ்யத்வனியிலிருந்து கணதரர் தொகுத்த அங்க நூல்கள் காலப்போக்கில் மறைந்தன என்பதை அம்மரபே வெளிப்படையாக ஏற்கிறது. தரசேனாசாரியரின் நினைவில் எஞ்சியதைப் புஷ்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமமாக எழுதிவைத்த வரலாறு யாவரும் அறிந்ததே. உலக அமைப்பை விரித்துரைக்கும் திலோயபண்ணத்தியில் யதிவிருஷபர், அளவுகளைப் பற்றி ஆசாரியர்கள் வேறுபட்ட இடங்களை மறைக்காமல் குறித்துச் செல்கிறார். அவ்வாசாரியர்களே காத்த நேர்மையை அவர்தம் வழியினர் கைவிடலாகாது.

உலகின் வடிவம் நூல்களில் எதற்காகச் சொல்லப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அதிகாரம் பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் ஒன்றாக உலகைப் பற்றிய சிந்தனையைச் சேர்க்கிறது. தர்ம தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்றாகச் சம்ஸ்தான விசயத்தைக் கூறுகிறது. எண்ணிறந்த தீவுகளும் கடல்களும், மேலே சுவர்க்கங்களும், கீழே நரகங்களும் விரிந்துகிடக்க, மனிதப் பிறவி இரண்டரைத் தீவுக்குள் மட்டுமே வாய்க்கிறது. அப்பிறவியில்தான் வீடுபேற்றுக்கு வழி. அதனை வீணாக்காதே என்பதே அத்தியானத்தின் பயன். சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைக் குளத்தைச் சமவசரணத்தின் காதிகா பூமி என்று அறிஞர் விளக்குவர். அதனைப் பொய்ப்படம் என்று எவரும் இகழ்வதில்லை. அதைக் கையில் கொண்டு குளத்தைத் தேடிப் புறப்படுவாரும் இல்லை. அதன்முன் நின்றவர் மனம் அடங்கி வெளியே வருகின்றனர்.

அநேகாந்தம் என்பது இருவரையும் தட்டிக்கொடுத்து அனுப்பும் வழியன்று. எக்கூற்றும் எந்த நயத்தில் உண்மை என்று கேட்டறிவதே அது. நிலத்தின் வடிவத்தை அளப்பது ஒரு நயம். உயிரின் நிலையை எண்ணிப் பார்ப்பது மற்றொரு நயம். முன்னதில் அளவையே சான்று. அங்கே அளவையை மறுத்துவிட்டு அநேகாந்தத்தின் பெயரைச் சொல்வது முறையன்று.

இனி அச்சிறுவனுக்குப் பாட்டி இவ்வாறு விடை கூறலாம்: “கண்ணே, நீ படத்தில் பார்த்தது உண்மைதான், பூமி உருண்டைதான். மேருவை அதில் தேடாதே. அபிஷேகம் நடக்கும்போது கண்ணை மூடி, இவ்வளவு பெரிய உலகத்தில் மனிதனாகப் பிறப்பது எவ்வளவு அரிது என்று நினைத்துப் பார். அதற்காகத்தான் பெரியவர்கள் அதைச் சொல்லி வைத்தார்கள்.” இவ்விடையில் பொய் இல்லை. அவன் பள்ளியில் கற்றதை வீட்டில் மறைக்கவும் வேண்டியதில்லை. வீட்டில் கற்றதைப் பள்ளியில் மறைக்கவும் வேண்டியதில்லை.

அருகன் அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!