இரு துறைமுகங்களும் ஓர் இசைத்தட்டும்

பிரேஸில் நாட்டின் வடகிழக்குக் கரையிலே இரண்டு பழைய துறைமுக நகரங்கள் உள்ளன. ஒன்று பாஹியா மாநிலத்தின் தலைநகராகிய ஸல்வடோர், மற்றொன்று ரெஸீஃபி. முன்னதில் 1940-ஆம் ஆண்டு பிறந்தவர் அஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோ என்னும் பாடகி. பின்னதில் பிறந்தவர் வால்ட்டர் வாண்டர்லி என்னும் ஆர்கன் வித்வான். இவ்விருவரும் 1966-இல், பிறந்த ஊர்களுக்கு வெகு தொலைவில், அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்திலுள்ள ஒலிப்பதிவுக் கூடமொன்றில் சேர்ந்து ஓர் இசைத்தட்டை அளித்தார்கள். 'ஏதோ ஒரு புன்னகை, ஏதோ ஒரு துயரம்' என்று அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொல்லலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். அந்த 'ஏதோ' என்ற சொல்லை விட்டுவிட்டால் அந்தத் தட்டின் உயிரே போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போஸா நோவா என்பது 1950-களின் இறுதியில் ரியோ நகரில் உருவான இசை. திருவிழாக் கூட்டத்தில் முரசுகள் முழங்கப் பாடிய ஸாம்பாவின் தாளத்தை ஒரு கிட்டார் வாத்தியத்துக்குள் அடக்கி, ஒலிவாங்கியின் அருகே மெல்லப் பாடுவது அதன் வழக்கம். சிறு வயதிலேயே ரியோவுக்குக் குடிபெயர்ந்த அஸ்ட்ரூட், அவ்விசையின் முதல்வர்களில் ஒருவரான ஜொவாவ் ஜில்பெர்ட்டோவை மணந்தார். 1963-இல் நியூயார்க்கில் கணவர் பாடிய தட்டொன்றிலே, ஆங்கிலம் அறிந்தவர் என்பதால், இபனீமா நங்கையைப் பற்றிய பாட்டின் ஆங்கிலப் பகுதி அவருக்குக் கிடைத்தது. பாட்டு உலகெங்கும் பரவியது. ஆனால் தட்டின் முகப்பில் அவர் பெயர் இல்லை!

அவர் குரலுக்கு வன்மை போதாது, உணர்ச்சி இல்லை என்று அக்காலத்தில் குறை கூறியோர் உண்டு. இந்த 1966-ஆம் ஆண்டுத் தட்டே அதற்கு மறுமொழி எனலாம். இதன் முகப்பில் அவர் பெயர் இருக்கிறது. குரலோ முன்போலவே அசைவின்றி, அலங்காரமின்றி ஒலிக்கிறது. ஆர்கன் என்பது, நம் ஹார்மோனியத்தைப் போலவே, கட்டையை அழுத்தியிருக்கும் வரை ஓயாமல் ஒலிக்கக்கூடிய வாத்தியம். அப்படி ஒலித்திருந்தால் இச்சிறு குரல் அமிழ்ந்தே போயிருக்கும். வாண்டர்லியோ சுரங்களை நீளவிடாமல், தொட்டதும் விரலை எடுத்து, சின்னஞ்சிறு துண்டுகளாக வாசிக்கிறார். அத்துண்டுகளுக்கு இடையேயுள்ள வெளியில் பாடகி நிதானமாக நடந்து செல்கிறார். உருக்கிப் பாடியிருந்தால் வெறும் அழுகையாகியிருக்கக்கூடிய துயரம், இந்த நிதானத்தினால்தான் நம் செவிக்கு எட்டுகிறது.

எல்லாப் பாட்டும் சமமானவை அல்ல. சில வெறும் விளையாட்டே. ஆயினும் நேயர்களே, சொந்த ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றோர் தவறாது கேட்க வேண்டியது ஒன்றுண்டு. ஸல்வடோரில் பிறந்து ரியோவுக்குப் பிழைக்க வந்த டொரிவால் கயிம்மி இயற்றிய பாட்டு அது. பாஹியாவைப் பார்த்ததுண்டா என்று கேட்டு, பாராதவரை அங்கே போகச் சொல்லும் அப்பாட்டு, ஊரின் பெருமையாக உணவுகளையும் அடுக்குகிறது! தேங்காய்ப்பாலும் இறாலும் பனையெண்ணெயும் சேர்த்துச் சமைக்கும் வத்தபா அவற்றுள் ஒன்று. அதைப் பாஹியாவிலே பிறந்த பெண், பனி பெய்யும் நாட்டில் இருந்துகொண்டு, குரல் சிறிதும் தழுதழுக்காமல் பாடுகிறார். ரெஸீஃபிக்காரர் பக்கத்தில் வாசிக்கிறார். கூடத்திலிருந்த அமெரிக்கர்களுக்கு அந்த உணவுப் பெயர்கள் வெறும் ஒலிகளாகவே இருந்திருக்கும்.

வாண்டர்லி 1986-இல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவிலும், அஸ்ட்ரூட் 2023-இல் பிலடெல்ஃபியாவிலும் காலமானார்கள். தட்டு முழுவதும் அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. கேட்க வாய்ப்புள்ளவர்கள் அந்தப் பாஹியாப் பாட்டிலிருந்தே தொடங்கலாம்.