கண்ணோரத்துச் சதை

ஜவ்வாது மலையில் குதிரையைவிட மாடுதான் அதிகம். செதிள் செல் புற்றுநோய் இரண்டின் கண்ணையும் விடுவதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் ஒரு முக்கியக் காரணம். மலை உயரத்தில் அது இன்னும் உறைக்கும். இமையோரம் கருமையின்றி வெளிறிய விலங்குக்கு ஆபத்து கூடுதல்.

கண்ணின் உள்மூலையில் மூன்றாவது இமை ஒன்று உண்டு. அங்கோ கருவிழி விளிம்பிலோ இளஞ்சிவப்புச் சதை வளரும், நீர் வடியும், ஈ மொய்க்கும். பூ விழுந்தது என்று பச்சிலை பிழிவார்கள், நாள்தான் வீண். துணுக்கு வெட்டிச் சோதித்தால் தெரிந்துவிடும். கட்டி அந்த இமையோடு நின்றால், இமையை அகற்றியே பார்வையைக் காக்கலாம். விளிம்பில் இருந்தால் வெட்டியெடுத்து, மிச்சத்தை உறையவைத்தோ மருந்திட்டோ அழிப்பார்கள். முற்றினால் கண்ணையே எடுக்க நேரும். பெரிய அறுவைக்கு, 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கண்ணோரம் புதுச் சதை கண்டால் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.