சட்டம் தந்ததும் கல்வி தந்ததும்



பட்டமளிப்பு வைபவங்களில் மன்னர்களையும் மகான்களையும் நினைவுகூர்வது மரபாயினும், கப்பல்களுக்குப் பாய் தைத்து ஜீவித்த ஒரு குடும்பத்தின் சரித்திரத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், முன்னோர் காலத்திலேயே அடிமைத்தளை நீங்கிய கறுப்பினக் குடும்பமொன்றில், 1766-ஆம் ஆண்டு ஜேம்ஸ் போர்ட்டன் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவருக்கு வாய்த்த பள்ளிக் கல்வி சொற்பமே. 1781-இல், சுதந்திரப் போரில் 'ராயல் லூயி' என்னும் கப்பலில் சென்று பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்ட அச்சிறுவன், அவர்களுடைய கப்பல் தலைவன் இங்கிலாந்தில் நல்வாழ்வு அமைத்துத் தருவதாகக் கூறியும், பிறந்த நாட்டுக்குத் துரோகம் செய்ய இசையாமல், 'ஜெர்ஸி' என்ற சிறைக்கப்பலில் ஏழு மாதம் வாடினான்.

பின்னர், தந்தை உழைத்த ராபர்ட் பிரிட்ஜஸ் என்னும் வெள்ளையரின் பட்டறையிலேயே தொழில் பயின்று, 1798-இல் அதற்கே உரிமையாளரானார். விசாலமான தரையில் கித்தானை விரித்து, அளந்து வெட்டி, உள்ளங்கையில் தோற்பட்டை கட்டிய தொழிலாளர் மெழுகேற்றிய நூலால் விளிம்புக் கயிற்றோடு சேர்த்துத் தைக்கும் அப்பட்டறையில், கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே அமர்ந்து வேலை செய்தனர். அவ்வாறு சேர்த்த திரவியத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. கறுப்பினத்தாரின் உரிமைகளைக் குறுக்க முயன்ற மசோதாவை எதிர்த்து 1813-இல் கடிதங்கள் எழுதி வெளியிட்டார். அடிமை ஒழிப்புப் பத்திரிகையான 'லிபரேட்டர்' 1831-இல் பிறந்தபோது அதற்குப் பொருளுதவி செய்தார். 1833-இல் பிலடெல்பியாவில் மாதர் அடிமை எதிர்ப்புச் சங்கம் தோன்றியபோது, அவருடைய மனைவி சார்லட்டும் புதல்வியரும் அதன் ஸ்தாபகர்களுள் இடம்பெற்றனர்.

எனினும், எந்தத் தேசத்துக்காக இளம் வயதில் சிறை புகுந்தாரோ, அந்தத் தேசத்தின் பென்சில்வேனியா மாகாணம் 1838-இல் புதிய அரசியல் சாசனம் இயற்றி, கறுப்பருக்கு வாக்குரிமை இல்லையென்று விதித்தது. 1842-இல் அவர் காலமானபோதும் அவ்விதி மாறவில்லை. சட்டம் அளித்ததைச் சட்டமே பறித்துக்கொண்டது. ஆனால் அக்குடும்பம் கற்ற கல்வியையும் கைத்தொழிலையும் பறிக்க எந்தச் சாசனத்துக்கும் இயலவில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-இல், அவர் பேத்தி சார்லட் போர்ட்டன், அப்போதுதான் தளை நீங்கிய மக்களுக்கு எழுத்தறிவிக்கத் தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவுக்குச் சென்று ஆசிரியையானார்.

நண்பர்களே! இன்று நீங்கள் பெறும் பட்டம் உத்தியோகத்தைத் தரலாம், அந்தஸ்தைத் தரலாம். அவை காலத்தின் போக்கில் வரும், போகும். தாம் கற்றதைக் கல்லாதார்க்கும், தாம் பெற்ற சுதந்திரத்தை அது பெறாதார்க்கும் பயன்படச் செய்தவர்களின் கல்வியே தலைமுறை கடந்து நிற்பது. அந்தக் கடமையை ஏற்று, நீடு வாழ்ந்து, நாட்டுக்கு நலம் புரிவீர்களாக!