சுமந்து வந்த நால்வர்



பங்குத்தந்தையரைத் தேடி ஆண்டு முழுவதும் வரும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "சாமி, நீங்க சொன்னா இவரு கேப்பாரு. பைபிள் மேல சத்தியம் வாங்கிக் குடுங்க." கணவரை அழைத்து வரும் மனைவியும் இதையே கேட்கிறார், மகனைக் கூட்டி வரும் தாயும் இதையே கேட்கிறார். அந்த மனிதரும் கண்ணீரோடு சத்தியம் செய்கிறார். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. தவக்காலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்து காட்டுகிறார். உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் பழைய கதைதான். கடவுளுக்குக் கொடுத்த வாக்கையும் மீறிவிட்டோமே என்ற குற்ற உணர்வு இப்போது புதிதாகச் சேர்கிறது. அதை மறக்கவும் குடிக்கிறார்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கப்பர்நாகும் ஊரில் முடக்குவாதமுற்ற ஒருவர் இருந்தார். இயேசு அதே ஊரில்தான் இருக்கிறார். ஆனாலும் அவரிடம் தானாக நடந்து போக இவரால் முடியவில்லை. நால்வர் சுமந்து வருகிறார்கள். வாசலில் கூட்டம் அடைத்து நிற்கிறது. அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அந்த நால்வரின் நம்பிக்கையைக் கண்டுதான் ஆண்டவர் பேசத் தொடங்கினார் என்கிறது நற்செய்தி.

குடிநோயும் அப்படிப்பட்டதுதான். அது நோய். ஒருவரின் மனவுறுதியை மட்டும் நம்பி "எழுந்து நட" என்று சொல்லிப் பயனில்லை. அவரைச் சுமக்க நால்வர் வேண்டும்.

அந்த நால்வரை எங்கே தேடுவது? அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில், 1935-ஆம் ஆண்டு, பில் வில்சன் என்ற பங்குச்சந்தைத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளியின் பேச்சை இன்னொரு குடிநோயாளி காது கொடுத்துக் கேட்பார் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அப்படிப் பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அதே ஆக்ரனில் புனித தோமா மருத்துவமனையில் பணியாற்றிய அருட்சகோதரி இக்னேஷியா, 1939 முதல் குடிநோயாளிகளுக்குக் கட்டில் கொடுத்தார். வீடு திரும்பும்போது ஒவ்வொருவரிடமும் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிப்பதாக இருந்தால், குடிக்கும் முன் அதைத் தன்னிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. தடுமாறும் நேரத்தில் நேராக ஒரு மனிதரிடம் வரச் சொன்னார். அதுதான் அதன் பொருள்.

ஏ.ஏ. கூட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன, தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை. முகவரி கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. அங்கே சொன்னது அங்கேயே இருக்கும். எல்லாச் சமயத்தவரும் ஒன்றாக உட்காருகிறார்கள். அங்கே போனால் விசுவாசம் குறையுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டாம். ஒப்புரவு அருளடையாளம் பாவத்தை மன்னிக்கிறது; இந்தக் கூட்டம் இன்றைய மாலையைக் குடிக்காமல் கடக்க உதவுகிறது. இரண்டும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் மருத்துவர், பிறகு குழு. சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பதையும் செய்யாதீர்கள். அதன்பின் அவர் குடித்தால் அந்த மருந்தே உயிரைப் பறிக்கக்கூடும்.

அருகிலுள்ள குழு எது என்று அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. முதல் கூட்டத்தில் ஒன்றும் பேச வேண்டியதில்லை. உட்கார்ந்து கேட்டாலே போதும். அந்தக் குழு ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள். வாசல் அடைத்திருந்தால் கூரை வழி உண்டு.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் குழுக்கள் உள்ளன. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமல்ல என்பதை, அதே துன்பத்தைக் கடந்தவர்கள் வாயிலிருந்து கேட்பது பெரிய ஆறுதல்.

பங்கு மக்களே, நாமும் அந்த நால்வரில் சேரலாம். வாரம் ஒரு மாலை பங்கு மன்றத்தின் ஓர் அறையைத் திறந்து வைத்தால், ஒரு குழு கூட இடம் கிடைக்கும். அந்த அறைக்குள் போகிறவர் யாரென்று எட்டிப் பார்க்காமல் இருப்பதும் நாம் செய்யும் உதவியே. திருமண வீட்டில் "ஒரு நாள்தானே" என்று ஒருவரை வற்புறுத்தாதிருப்பதும் அப்படியே.

நற்செய்தியில் அந்த மனிதர் திரும்பும்போது தன் படுக்கையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். சுமக்கப்பட்டவர் சுமப்பவர் ஆனார். இன்று ஒருவரைக் குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளை அவர் இன்னொருவரைச் சுமந்து வருவார்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.