மின்வடமும் மறைப்பும்

(கூமாப்பட்டியில் ஆற்றிய உரை)

 

அணுவுலை என்றதும் கதிர்வீச்சே நம் நினைவுக்கு வருகின்றது. நான் பேச வந்ததோ மின்வடத்தைப் பற்றி. உலையை நிறுத்திய பின்னும் அதனுள் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்க நீர் ஓடவேண்டும். நீரை ஓட்ட மின்சாரம் வேண்டும்.

31-3-1993 விடியற்காலை, உத்தரப்பிரதேச நரோரா அணுமின் நிலையத்தின் முதல் உலையில் சுழலியின் அலகுகள் இரண்டு முறிந்தன. நீரியம் கசிந்து தீப்பற்றியது. முதன்மை வடங்களும் மாற்று வடங்களும் தக்க தீத்தடுப்பின்றி ஒரே தடத்தில் கிடந்தமையால் எல்லாம் ஒருசேரக் கருகின. பிளவக்கல் நீருக்கு ஒரே வாய்க்காலில் இரண்டு மடை வைத்து, ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்றிருந்தாற்போல! வாய்க்காலே உடைந்தால்? ஏறத்தாழ 17 மணிநேரம் நிலையத்தில் மின்சாரம் இல்லை. பணியாளர் சிலர் கைவிளக்கோடு உலைக் கட்டடத்தின் மேலேறிப் போரான் கரைசலைக் கையால் திறந்துவிட்டனர். தீயணைப்புக்குரிய டீசல் எக்கிகளால் நீர் புகட்டினர். அவர்தம் துணிவை வணங்குகிறேன்.

ஆயின், துணிவு தேவைப்பட்டது ஏன்? அலகின் குறையைச் சுழலியை வடிவமைத்த அயல்நாட்டு நிறுவனம் 1989-இலேயே தெரிவித்திருந்தது என அணுவாற்றல் ஒழுங்குமுறை வாரியத்தின் முன்னாள் தலைவர் அ. கோபாலகிருட்டிணன் எழுதினார். வடங்களைப் பிரித்து இடவேண்டும் என்பதும் புதுப்பாடமன்று. 1975-இல் அமெரிக்கப் பிரௌன்சு பெரி நிலையத்தில் ஒரு மெழுகுவத்திச் சுடர் அதனைக் கற்பித்துவிட்டது.

தென்கொரியாவில் நடந்தது இன்னும் இழிவு. கொடுவெப்பத்தைத் தாங்குமா என ஆய்ந்த சான்றிதழ்களையே பொய்யாகப் புனைந்து கட்டுப்பாட்டு வடங்களை விற்றனர். 2013-இல், பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த செய்தியால் அது வெளிப்பட்டு, உலைகள் நிறுத்தப்பட்டன. கருவிகள் கண்டுபிடிக்கவில்லை, தோழர்களே. ஓர் ஆள் வாய்திறந்தார்!

நம் கூடங்குளத்துக்கு வருவோம். அவ்வாண்டு ஏப்பிரலில், முதல் உலையின் அடைப்பான்கள் நான்கு செவ்வனே இயங்கவில்லை என்று வாரியமே அறிவித்தது. சொன்னது நன்று. எவர் செய்தவை, எவர் ஒப்புக்கொண்டவை என்னும் வினாக்களுக்கு விடை எங்கே? 2012-இலேயே நடுவண் தகவல் ஆணையம், கூடங்குளப் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடுமாறு ஆணையிட்டது. இடிந்தகரை மீனவர் படிக்கத்தக்க தமிழில் அது வேண்டும். பழுது ஒவ்வொன்றும் நேர்ந்தவுடன் தமிழில் வேண்டும். இதைக் கேட்கும் விண்ணப்பத் தாள்கள் மேடையருகே உள்ளன. கையொப்பத்தைத் தமிழிலேயே இடுங்கள்.