பதிவுக்குப் பின் வரும் பொறுப்பு

(உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர்களுக்காக நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்கள் நிறுவனங்கள் பதிவு பெற்றுவிட்டன. பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டியும் இருப்பீர்கள். மகிழத்தக்க செய்திதான். ஆயினும், நாற்றை நட்டு முடித்த அன்றே விளைச்சல் வீடு வந்து சேர்ந்ததாக எந்த உழவரும் எண்ணுவதில்லை. பதிவு என்பது நடவு. அதன் பின்னர் ஆண்டுதோறும் செய்யவேண்டிய சட்டக் கடமைகளே நீர் பாய்ச்சுதலும் களை எடுத்தலும் ஆகும். அவற்றைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இக்கடமைகள் ஏன் விதிக்கப்பட்டன என்பதை முதலில் அறிதல் நலம். உற்பத்தியாளர் நிறுவனம் என்னும் அமைப்பு 2003-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இன்று அது 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. இதில் உறுப்பினரின் பொறுப்பு அவரவர் பங்குத் தொகையோடு நின்றுவிடுகிறது. ஆயிரம் ரூபாய்க்குப் பங்கு பெற்ற ஒருவர், நிறுவனம் எவ்வளவு நஷ்டமடைந்தாலும், தாமே ஜாமீன் எழுதிக் கொடுத்தாலன்றி, தம் நிலத்தையோ மாட்டையோ இழக்க வேண்டியதில்லை. இது சட்டம் நமக்கு அளித்துள்ள பெருங்காப்பு. இக்காப்புக்கு ஈடாகச் சட்டம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கணக்கை ஒளிவு மறைவின்றி வெளியிடுங்கள் என்பதே அது. கடன் தருவோரும் சரக்கு வாங்குவோரும் நம்மை நம்புவதற்கு அதுவே ஆதாரம்.

இனி, கடமைகளை வரிசையாகக் காண்போம்.

பதிவான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இயக்குநர் குழு கூடி, முதல் தணிக்கையாளரை நியமித்தல் வேண்டும். முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை 90 நாட்களுக்குள் கூட்ட வேண்டும். பங்குத் தொகை முறையாக வந்து சேர்ந்தது என்று தெரிவித்துத் தொழில் தொடங்குவதற்கான உறுதிமொழியை 180 நாட்களுக்குள் நிறுவனப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இதைத் தவறவிடும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

அதன் பின்னர், இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும், ஆண்டுக்கு நான்கு முறையேனும் கூடவேண்டும். இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினர், மூவருக்குக் குறையாமல், வந்திருத்தல் அவசியம். கூட்டத்தில் பேசி முடித்ததை அப்போதே நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். ஆண்டு இறுதியில் நான்கு கூட்டங்களை ஒரே மையில் எழுதி முடிக்கும் வழக்கம் அறவே கூடாது. வரவு செலவு, கொள்முதல், விற்பனை, சொத்து, கடன் ஆகியவற்றின் கணக்குகள் பதிவு அலுவலகத்தில் இருத்தல் வேண்டும்.

மார்ச் 31-இல் கணக்கை முடித்துத் தணிக்கை செய்து, செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்திவிடுவது நன்முறை. இரண்டு பொதுக்கூட்டங்களுக்கு இடையே 15 மாதங்களுக்கு மேல் இடைவெளி கூடாது. 14 நாட்களுக்கு முன்னரே அறிவிப்பு அனுப்ப வேண்டும். பொது விடுமுறை நாளில் கூட்டுதல் ஆகாது. உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் வந்தாலன்றிக் கூட்டம் செல்லாது. ஆயிரம் உறுப்பினர் உள்ள நிறுவனத்துக்கு 250 பேர் வரவேண்டும்! ஆகவே, நடவும் அறுவடையும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்து, ஊர்தோறும் சொல்லி அனுப்புங்கள்.

கூட்டம் முடிந்தபின், தணிக்கை செய்த ஐந்தொகையை 30 நாட்களுக்குள்ளேயே பதிவாளருக்குச் சேர்ப்பித்துவிடுவது நல்லது. ஆண்டு விவர அறிக்கைக்கு 60 நாட்கள் தவணை உண்டு. இயக்குநர் எவரேனும் மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வருமான வரி அறிக்கையும் ஆண்டுதோறும் தரவேண்டும்.

"வியாபாரமே நடைபெறவில்லையே, நாங்கள் எதற்குக் கணக்கு அனுப்பவேண்டும்?" என்று சிலர் கேட்கின்றனர். பல நிறுவனங்கள் வீழ்வது இந்த எண்ணத்தால்தான். ஒரு ரூபாய்க்குக்கூட விற்பனை இல்லாவிடினும் அறிக்கை அனுப்பியே தீரவேண்டும். வருமான வரி அறிக்கைக்கும் இது பொருந்தும். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற்றிருந்தால், விற்பனை இல்லாத காலத்துக்கும் அதற்குரிய அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும்.

தவறினால் விளைவது யாது? ஐந்தொகைக்கும் ஆண்டு அறிக்கைக்கும் தனித்தனியே, தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறும். ஓராண்டு தாமதித்தால் ஓர் அறிக்கைக்கு 36,500 ரூபாய். இரண்டுக்கும் 73,000 ரூபாய். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு என்று கொண்டால், 73 குடும்பங்கள் வியர்வை சிந்திச் சேர்த்த பங்குப் பணம் இதற்கே போய்விடும். இக்கட்டணத்துக்கு மேல் உச்சவரம்பும் இல்லை. இதுவன்றி, இயக்குநர்கள் மீது தனியே தண்டமும் விதிக்கப்படலாம்.

தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் அறிக்கை அனுப்பாத நிறுவனத்தின் இயக்குநர்கள், அதே நிறுவனத்தில் மீண்டும் நியமிக்கப்படவோ வேறு நிறுவனத்தில் இயக்குநராகவோ ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழக்கின்றனர். நிறுவனத்தின் பெயரே பதிவேட்டிலிருந்து நீக்கப்படவும் கூடும். இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நடவடிக்கையில், நாடெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று லட்சம் இயக்குநர்கள் தகுதி இழந்தனர். வங்கிக் கடனும் அரசு மானியமும் கேட்டுச் செல்லும்போது, முதலில் கேட்கப்படுவதும் தணிக்கை செய்த கணக்குத்தான்.

இறுதியாக ஒன்று. "இவையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று கூறி, மின்னணுக் கையொப்பக் கருவியையும் கடவுச்சொல்லையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அக்கருவி உங்கள் கைநாட்டுக்குச் சமம். வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து எவரிடமும் கொடுப்பீர்களா? தணிக்கையாளர் உதவி செய்வார். தலைமைச் செயல் அலுவலர் வேலையை முடித்து வைப்பார். ஆனால், சட்டத்தின் முன் பதில் கூறவேண்டியவர் நீங்களே. எந்த அறிக்கை எந்த நாளில் சென்றது என்பதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஒரு பெரிய காகிதத்தில் மேற்கூறிய தேதிகளை எல்லாம் எழுதி, சுவரிலுள்ள பதிவுச் சான்றிதழுக்கு அருகிலேயே ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும், எது முடிந்தது, எது எஞ்சியது என்று ஓர் இயக்குநர் உரக்கப் படிக்கட்டும். எழுத்தறியாத உறுப்பினரும் கேட்டறிந்து கேள்வி எழுப்பும் நிலை வருமானால், உங்கள் நிறுவனம் எவராலும் அசைக்க இயலாததாகும். அத்தகைய விழிப்பு உங்கள் அனைவரிடமும் வளரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.