வாடகை மோட்டார் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் வகை

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நம் சங்கத்தாரின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் குடும்பங்கள் இத்தனை இம்மலைமீது ஒருங்கு கூடியிருக்கக் காண்பது நமக்குப் பேரானந்தத்தை விளைவிக்கின்றது. நமக்கு முன் பேசிய அன்பர்கள் கல்வியைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தனர். நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ மிகச் சிறியது; சிலருக்கு நகைப்பையும் உண்டாக்கலாம். ஆயினும் இன்று காலை போளூர் வழியாகவும் ஆலங்காயம் வழியாகவும் ஏறி வந்த வண்டிகளுள் வாடகை வண்டிகள் பல என்பதை, வெளியே மஞ்சள் எழுத்துடன் நிற்கும் கறுப்புப் பலகைகளே சாட்சி கூறும்.

சென்ற வருஷம் நாம் குடும்பத்தோடு எழுவராய் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக் காவலூர் வான்நோக்கு நிலையத்தைக் காண வந்தோம். 1986ஆம் வருஷத்தில் நாட்டுக்கு அர்ப்பணம் செய்யப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கின்றது. நட்சத்திரங்களைப் பற்றி அன்று கற்றதைக்காட்டிலும், இரவு வண்டியைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் கற்றதே அதிகம். ஈட்டுப் பணமாகக் கட்டிய 10,000 ரூபாயில் 8,400 ரூபாயைப் பிடித்துக்கொண்டனர். முன்புறக் கீறலுக்கு 5,000, இரண்டு மணி தாமதத்துக்கு 1,800, எரிபொருட் குறைவுக்கு 1,000, சேறு கழுவ 600 என்பது அவர்கள் காட்டிய கணக்கு. அப்பணம் பேத்தியின் விடுதிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்தது. வண்டி திரும்பியதும் கைக்கு வந்துவிடும் என்று நம்பியே கொடுத்திருந்தோம். அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் உணவு செல்லவில்லை.

நடுநிலையோடு பார்த்தால் அவற்றுள் இரண்டு நம்முடைய பிழையே. மலைச் சரிவில் வண்டி சாய்ந்து நிற்கையில் எரிபொருள் முள் மெய் சொல்லாது. தொட்டியினுள் மிதக்கும் மிதவையைக் கொண்டே அது அசைவதால், சாய்வுக்கேற்ப ஏறியும் இறங்கியும் காட்டும். இறக்கத்தில் பாதி என்று கண்டு போளூரில் நிரப்பாமல் சென்றோம். சமதரையில் பார்த்தபோது கால் பங்கே இருந்தது. ஆகவே எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் சமதரையில் நிறுத்தி, முள்ளையும் ஓடிய தூரம் காட்டும் எண்ணையும் படம் பிடித்துக்கொள்ளல் வேண்டும். தாமதம் நேருமென்று தெரிந்த கணமே, தவணை தீருமுன் செய்தி அனுப்பி, எழுத்து மூலமான இசைவைப் பெறுதல் வேண்டும். நாம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகே தொலைபேசியைத் தேடினோம்.

நிற்க, சட்டம் கூறுவதையும் அறிதல் நலம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, பிறர் பொருளைக் கைக்கொண்டவன் தன் சொந்தப் பொருளை விவேகமுள்ள ஒருவன் எவ்விதம் காப்பானோ அவ்விதம் காக்கக் கடமைப்பட்டவன். இது 151ஆம் பிரிவு. அவ்விதம் காத்தும் கேடு நேர்ந்தால், வேறு விசேஷ ஒப்பந்தம் இல்லாதவிடத்து அவன் பொறுப்பாளியல்லன் என்கிறது 152ஆம் பிரிவு. அந்த விசேஷ ஒப்பந்தமோ நாம் படியாமல் கையொப்பமிடும் தாளிலேயே இருக்கின்றது! குறித்த காலத்தில் திருப்பாவிடில் பின்வரும் நஷ்டம் எடுத்தவனைச் சேரும் என்பது 161. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை குறித்திருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான ஈடே கிடைக்கும் என்பது 74. கடைக்காரர் எழுதிவைத்த தொகையெல்லாம் தானே நியாயமாகிவிடாது.

மலைப் பாதைக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. ஏற்றத்தில் கிளட்சை அரைகுறையாய் மிதித்தபடி நிறுத்தினால் அதன் தட்டு தீய்ந்துபோம். அத்தேய்மானத்தை இன்ஷூரன்ஸ் ஏற்காது. வண்டிக்கு வேறு சேதமின்றி டயர் மட்டும் கிழிந்தால் சாதாரண பாலிசியில் ஈடு கிட்டாது. கல்லில் அடிப்பாகம் மோதி எண்ணெய் ஒழுகுவது கண்டால் அங்கேயே நிறுத்துக. மேலும் ஓட்டி இயந்திரம் கெட்டால் அச்செலவு நம் தலைமேல்தான் விழும். பெரும் சேதமானாலும் கட்டாயக் கழிவாகப் பாலிசியில் குறித்த ஒரு தொகையை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடாது. அதற்கு மேலும் வாடகைக்காரர் கேட்டால், எதற்கென்று வினவும் உரிமை நமக்குண்டு.

வெள்ளைப் பலகை வண்டியை அறிந்தவரிடம் மலிவாய் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் நம்மவரிடையும் பரவி வருகின்றது. சொந்த உபயோக வண்டியைப் பெர்மிட்டின்றி வாடகைக்கு விடுவது குற்றம். விபத்து நேரின் இன்ஷூரன்ஸ் மறுக்கப்படலாம், உறவும் கெடும்.

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் வருஷக் கணக்கில் குத்தகைக்கு வண்டி எடுக்கின்றனர். அவர்கள் இரண்டாம் சாவியையும் பழுதுபார்த்த ரசீதுகளையும் பத்திரப்படுத்துவதோடு, தூர வரம்பு எவ்வளவென்று மாதந்தோறும் கணக்கிடுவார்களாக. முன்னதாக முறிக்கும் கட்டணத்தைக் கையொப்பமிடுமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இனி அக்கீறலின் கதை. புறப்படும்போது வழக்கப்படி சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்ததைப் பேரன் விளையாட்டாய்ப் படம் பிடித்திருந்தான். அப்படத்தில் அதே கீறல் தெளிவாய்த் தெரிந்தது. படத்தையும் அது எடுத்த நேரத்தையும் இணைத்துக் கடிதம் எழுதினோம். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஜில்லாவின் ஆணையத்திலேயே வழக்கிடலாம் என்பதையும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாதபோது கட்டணம் இல்லை என்பதையும் பணிவாகக் குறிப்பிட்டோம். இருபது நாளில் 5,000 ரூபாய் திரும்பியது. தாமதத்துக்கும் எரிபொருளுக்கும் பிடித்ததை நாம் கேட்கவில்லை. சேறு கழுவிய 600 ரூபாய் இன்னும் வழக்கில்தான் இருக்கின்றது. மழைக்காலத்தில் மலைக்குப் போன வண்டியில் சேறு இல்லாமல் பின் வேறென்ன இருக்கும் என்று நம் வீட்டம்மாள் கேட்டதற்கு அவர்கள் இன்றுவரை விடை எழுதவில்லை.